பாரமும் இழுவையும்

வரலாறு என்றதும் மன்னர்களையும் போர்களையும் நினைப்பது நம் மாணவர்களின் வழக்கம். பாடநூல்கள் அவ்வாறு அமைந்திருப்பதால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், மன்னன் கட்டிய கோயிலுக்குக் கல் இழுத்தது எது, இழுத்த மாடு எத்தனை நாள் உழைத்தது, உழைத்த மாட்டை எவ்வாறு காத்தார்கள் என்பவையும் வரலாற்று வினாக்களே. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பாரம் இழுத்தல் என்னும் தொழில் மாட்டிலிருந்து மோட்டாருக்கு வந்த கதையைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பிக்கப் வண்டி இன்று நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடுகிறது. அதன் பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டி இழுக்கும்போது அந்த வண்டிக்கு நேர்வது என்ன என்பதை அறிவதற்கு இந்தப் பழங்கதை மிகவும் துணை செய்யும்.

இவ்விரண்டும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறினாலும் மண் மாறவில்லை. மேற்கே பச்சைமலையும் கருங்கற் பாறையும் கரிசல் நிலமும். கிழக்கே பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்து விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரத்தை எம் பள்ளி மாணவர்களுக்குப் பலமுறை காட்டியிருக்கிறேன். மேற்கில் உள்ள பொருள் கிழக்கே வேண்டும். கிழக்கில் உள்ளது மேற்கே வேண்டும். ஆகவே இங்கே எக்காலத்திலும் எதையேனும் எவரேனும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சங்க காலத்து உமணர்கள் கடற்கரை உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்கள் தம் வண்டிகளின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்று கூறுகிறது. மேட்டில் ஏறவும் பள்ளத்தில் இறங்கவும் நேருமென்று அறிந்து, அச்சு முறியக்கூடும் என்பதை முன்னரே கணக்கில் வைத்தவர்கள் அவர்கள். திருவள்ளுவரும் வண்டியின் அச்சு முறிவதைப் பற்றிப் பேசுகிறார். மிக இலேசான மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இற்றுப்போகும் என்பது அவர் கருத்து. அரசியலுக்கு உவமையாகச் சொன்னார் என்றாலும், அந்த உவமை உண்மையில் வண்டி கண்டவர் சொன்னதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருவோம். இராசேந்திர சோழன் எழுப்பிய பெருங்கோயில் ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அவ்வூரைச் சுற்றி வெட்டியெடுக்கத் தக்க கருங்கற் பாறை இல்லை. அப்படியானால் அங்குள்ள கல் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ இழுத்து வரப்பட்டதாகத்தான் இருத்தல் வேண்டும். கல்வெட்டுகள் கொடையைச் சொல்கின்றன. இழுத்த மாடுகளைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. எட்டு நூற்றாண்டுகள் கழிந்தபின் அக்கற்களில் ஒரு பகுதி மீண்டும் ஒரு முறை வண்டி ஏறியது. கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்ட 1836-ஆம் ஆண்டில், கோயிலின் மதிலை இடித்து அந்தக் கல்லை அணைக்குக் கொண்டு சென்றார்கள். மன்னன் பாடுபட்டுச் சேர்த்த கல் அணைக்கரையில் போய்க் கிடக்கிறது. இதனைக் கேட்டு வருந்தாத வரலாற்று மாணவன் இருக்க முடியாது. ஆனால் அந்த அணை பாய்ச்சிய நீரால் விளைந்த நெல்லையும் மறந்துவிடக் கூடாது.

போர்க்களத்திலும் பாரம் இழுத்தது மாடுதான். 1751-ஆம் ஆண்டில் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில், முகமது அலிக்குத் துணைவந்த ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணைவந்த பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கிலேயப் படை தோற்றுத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்ப்பவர்கள் இப்போரை நினைவுகூரலாம். கர்நாடகப் போர்க் காலத்தில் தளபதிகளை மிகுதியும் வாட்டிய கவலைகளுள் ஒன்று, பீரங்கிகளை இழுக்க மாடு கிடைக்குமா என்பதே. இந்தக் கவலையை முன்னரே தீர்த்துவைத்துக்கொண்டவர்கள் மைசூர் அரசர்கள். படைக்கென்றே தனியாக மாடு வளர்த்து, மேய்ச்சற் காடுகளை ஒதுக்கி, வயது வந்த பின்பே பழக்கி, பாரமில்லாத காலத்தில் ஓய்வு கொடுத்துப் பேணினார்கள். திப்பு சுல்தான் அதற்கு அமிர்த மகால் என்று பெயர் வைத்தான். ஹைதர் அலி இந்த மாடுகளைக் கொண்டு இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க வந்தான் என்று சொல்லுவார்கள். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைப்பற்றிய செல்வங்களில் இந்த மாட்டுப் பண்ணையும் ஒன்று. மாடு பெருத்ததால் மட்டும் மைசூர்ப் படை விரைந்து வரவில்லை. அளவறிந்து ஏற்றி, காலமறிந்து ஓய்வு கொடுத்த நிருவாகமும் அதற்குக் காரணம்.

என் இளமையில் எங்கள் ஊரில் கட்டை வண்டிகள் இருந்தன. கருவேல மரக் குடம், ஆரக்கால், இரும்புப் பட்டை. விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து வண்டி மை செய்வார்கள். புறப்படுமுன் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை நெகிழ்த்தி, அச்சில் மை இடாமல் எந்த வண்டிக்காரரும் பூட்டமாட்டார். மையின்றி ஓடிய அச்சு கிறீச்சிடும், பிறகு புகையும், மரக்குடம் கரிந்துபோவதும் உண்டு. உராய்வு வெப்பமாக மாறும் என்ற பாடத்தை நான் முதன்முதலில் கற்றது அங்கேதான். பள்ளியில் அது பின்னர்தான் வந்தது. ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். பாரம் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இவ்விரண்டு சொற்களையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

ஒரு மாடு தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசையோடுதான் நாள் முழுதும் இழுக்க வல்லது. சற்று நேரத்துக்கு அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனையே நாள் முழுதும் செய்யச் சொன்னால் படுத்துவிடும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். இராமசுவாமி 1970-களிலும் 1980-களிலும் மாட்டு வண்டியைப் பற்றி ஆராய்ந்து, வண்டியின் எடையும் நுகத்தடியின் அழுத்தமும் மாட்டின் வலிமையை வீணாக்குகின்றன என்று எடுத்துரைத்தார். நாட்டில் அப்போது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மாட்டு வண்டிகள் ஓடின. காற்றடித்த டயர் பூட்டிய வண்டி வந்தபோது அதே மாடுகள் கூடுதலான பாரத்தை இழுத்தன. நமது மக்கள் உடனே கண்டுகொண்டது, பாரத்தை இன்னும் கூட்டலாம் என்பதைத்தான். மாட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சுகம் மூட்டைக்குப் போயிற்று.

1920-களின் பிற்பகுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் புதிய இருப்புப்பாதை அமைந்தது. 1939-இல் அண்டையிலுள்ள டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை எழுந்தது. 1979-இல் அரியலூரில் அரசினர் சிமெண்டு ஆலை தொடங்கிற்று. அதன் பின்னர் தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் சாலையை நிறைத்தன. எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை பிடித்தன. மாட்டின் இடத்தை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எஞ்சினுக்கும் மாட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாடு நின்ற நிலையிலிருந்தே முழு வலிமையோடு இழுக்கும். எஞ்சினோ சுழன்றுகொண்டிருக்கும்போதுதான் வலிமையுடையது. நிறுத்திவிட்டால் அதற்கு வலிமையே இல்லை. ஆகவே சுழலும் எஞ்சினுக்கும் நிற்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் இணக்கம் செய்பவர் வேண்டும். அந்த இணக்கத்தைச் செய்பவையே கிளச்சும் கியர்ப் பெட்டியும். சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். 1890-களில் பிரான்சு நாட்டில் பனார், லெவாசோர் என்பார் செய்த வண்டியில் பற்சக்கரங்களை நகர்த்தி நகர்த்திப் பூட்டும் முறை அமைந்தது. ஒரு பல் மற்றொரு பல்லில் மோதி அலறும் அந்த முறையில்தான் உலகம் நெடுங்காலம் வண்டி ஓட்டியது. 1908-இல் போர்டு கம்பெனியார் வெளியிட்ட டி-மாடல் வண்டியில் வேறொரு முறை இருந்தது. நடுவே சூரியச் சக்கரம், அதனைச் சுற்றிக் கோள்களைப் போலச் சிறு சக்கரங்கள். எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதற்கேற்ப வேகம் மாறும். பற்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதே இல்லை. இன்றைய தானியங்கிக் கியர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது இந்தக் கோள் அமைப்புத்தான்.

மற்றொரு பாதி கடலிலிருந்து வந்தது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் பெட்டிங்கர் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் பணி செய்தவர். நீராவிச் சுழலி மிக விரைவாகச் சுழல்வது. கப்பலின் பின்னுள்ள விசிறியோ மெதுவாகச் சுழல வேண்டியது. இரண்டையும் இணைப்பது எவ்வாறு? பற்களே இல்லாமல், திரவத்தைக் கொண்டு இணைக்கலாம் என்று அவர் கண்டார். 1905-இல் உரிமைக் காப்பும் பெற்றார். இதனை வகுப்பில் விளக்க நான் இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைப்பது வழக்கம். ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால், மின்சாரமற்ற மற்றதும் காற்றினால் மெல்லச் சுழலத் தொடங்கும். கையால் அதனைப் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறிக்குத் தீங்கு நேராது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், எண்ணெய் திரும்பும் வழியில் அதன் போக்கை மாற்றி மீண்டும் உந்தச் செய்யும் மூன்றாவது விசிறியையும் வைத்துவிட்டால், விசை கடத்தப்படுவதோடு பெருகவும் செய்கிறது. அதுவே டார்க் கன்வெர்ட்டர். முறுக்குவிசை மாற்றி எனலாம்.

1939-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் வண்டியில் ஹைட்ரமாட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டி வந்தது. அதில் இருந்தது விசையைப் பெருக்காத எளிய திரவ இணைப்பே. இரண்டாம் உலகப் போரில் இதே அமைப்பை இலேசான டாங்கிகளில் பூட்டினார்கள். பளுவைத் தாங்குமா என்ற ஐயத்தைப் போர்க்களம் தீர்த்துவைத்தது. 1948-இல் பூயிக் வண்டியில் முறுக்குவிசை மாற்றியே வந்துவிட்டது. ஓட்டுவது மிகச் சுகம். ஆனால் ஒரு குறை இருந்தது. விசிறி உதாரணத்தை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது விசிறி முதலாவதைப்போல் அவ்வளவு விரைவாகச் சுழல்கிறதா? இல்லை. எப்போதும் சற்றுப் பின்தங்கும். இந்த வழுக்கலில் இழக்கப்படும் ஆற்றல் எங்கே போகிறது? எண்ணெயில் வெப்பமாகப் போகிறது. 1949-இல் பேக்கார்டு கம்பெனியார் இதற்கு மருந்து கண்டார்கள். வேகம் பிடித்தபின் இரு பக்கங்களையும் ஒரு கிளச் கொண்டு இறுகப் பூட்டிவிட்டால் வழுக்கல் இல்லை. முறுக்குவிசை மாற்றி உள்ள இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் பூட்டுக் கிளச் இருக்கிறது.

நம் நாட்டவர் ஒருவர் இதே சிக்கலோடு மல்லாடியதை இங்கே சொல்லாமற் போனால் அது குறையாகும். டீசல் இரயில் எஞ்சின் கனமான வண்டித் தொடரை நின்ற நிலையிலிருந்து இழுக்க வேண்டும். பின்பு விரைந்தும் ஓட வேண்டும். திரவ மாற்றி தொடக்கத்தில் நன்று; ஓட்டத்தில் வீண் செலவு. இந்திய இரயில்வேயில் பணியாற்றிய மன் மோகன் சூரி, திரவ இணைப்பையும் இயந்திர இணைப்பையும் சேர்த்து ஒரு கடத்தியை அமைத்தார். அவர் பெயராலேயே அது சூரி டிரான்ஸ்மிஷன் என்று வழங்கிற்று. 1962-ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பின்னர் துர்க்காபூர் இயந்திரப் பொறியியல் ஆய்வு நிலையத்தில் அவர் தலைமை வகித்தபோது உருவான ஸ்வராஜ் டிராக்டர் 1974-இல் உற்பத்திக்கு வந்தது. இரயிலையும் ஏரையும் ஒருவரே நினைத்துப் பார்த்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. நம் பாடநூல்களில் இவர் பெயரைக் காண்பது அரிது.

இனி நம் பெரம்பலூருக்குத் திரும்புவோம். ஸ்ரீசிட்டியில் செய்யப்படும் இசூசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில் தானியங்கிக் கியர் கிடைக்கிறது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சின்ன வெங்காய வியாபாரம் செய்கிறார். பழைய தானியங்கிப் பிக்கப் ஒன்றைக் கடன் வாங்கி எடுத்து, பின்னால் டிரெய்லர் பூட்டி ஓடினார். ஒன்றரை ஆண்டில் கியர்ப் பெட்டி கரிந்துவிட்டது. “ஐயா, எஞ்சின் புத்தம் புதிதாக இருக்கிறது, ஆனால் வண்டி நகரமாட்டேன் என்கிறது” என்று வந்து நின்றார். பழுது பார்க்கக் கேட்ட தொகை, வண்டி வாங்கிய கடனில் ஏறத்தாழ பாதி. அவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. மாடு செத்த குடியானவன் வீட்டில் முன்னாளில் எந்தத் துயரம் இருந்ததோ, அதே துயரத்தை அவர் முகத்தில் கண்டேன். ஆகவேதான் இதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன்.

கியர்ப் பெட்டியைக் கொல்வது பாரம் என்பார்கள். நேரே கொல்வது வெப்பம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு குதிரைத்திறன் கடத்தப்படும்போது அதில் பத்து வழுக்கலில் வீணானால், அது ஏழரைக் கிலோவாட். ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் ஏழெட்டை எண்ணெய்ச் சட்டிக்குள் ஏற்றிவைத்ததற்கு அது சமம். அந்த எண்ணெய் ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் நெடுநாள் உழைக்கும். அதற்கு மேல் ஏறத்தாழ பத்துப் பாகை கூடுந்தோறும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறையாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 120 பாகையில் ஓடும் எண்ணெய்க்குப் பதினாறில் ஒரு பங்கு ஆயுள்தான் என்று இதிலிருந்து தெரியவரும். எண்ணெய் கெட்டால் கிளச்சுத் தகடுகள் வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடாகும். சூடானால் மேலும் வழுக்கும். வண்டி மை வற்றிய அச்சின் கதைதான் இது.

சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துக் காற்றே 40 பாகையைத் தொடுகிறது. எண்ணெயைக் குளிர்விக்க வேண்டிய காற்று அதுவே. ஆகவே அடிக்கடி இழுவை செய்பவர்கள் கியர் எண்ணெய்க்கென்று தனிக் கூலர் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுதல் முதற் செலவாக இருத்தல் வேண்டும். அலங்கார விளக்குகள் பிறகு வரலாம். நண்பகலைத் தவிர்த்து விடியலில் ஓட்டுதல் அதனினும் மலிவான வழி. பாரவண்டிக்காரர்கள் இரவில் பயணம் செய்ததற்குத் திருடர் பயமற்ற காலத்திலும் காரணம் இருந்தது.

ஓட்டும் முறையில் பெரிய பிழை ஒன்று பரவலாக நிகழ்கிறது. நெம்புகோலை ஓட்டும் நிலையில் வைத்துவிட்டுப் பெட்டியின் போக்குக்கு விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குப் பின்னால் டிரெய்லர் இருப்பது அதற்குத் தெரியாது. எரிபொருளைச் சேமிக்க அது உயர்ந்த கியருக்குத் தாவும், பாரம் இழுக்கும், உடனே கீழிறங்கும், மறுபடியும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் பூட்டுக் கிளச் விடுபட்டுச் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிது தேய்மானம், சிறிது வெப்பம். இதற்காகவே பல வண்டிகளில் இழுவை நிலை என ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிடில் கையால் கியரைத் தேர்ந்து, மிக உயர்ந்த கியருக்குப் போகவிடாமல் நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சின் சற்று உரக்க முழங்கும். முழங்கட்டும். பச்சைமலைச் சரிவில் ஊர்ந்து ஏறும்போது உயர்ந்த கியரில் மூச்சுத்திணறுவதைவிடத் தாழ்ந்த கியரில் முழங்கி ஏறுவதே பெட்டிக்கு நலம். இறங்கும்போதும் அவ்வாறே தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் கரியும். சரிவில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது எண்ணெயைக் காய்ச்சும் வேலை. பின்னே போகும் கியரிலிருந்து முன்னே போகும் கியருக்கு மாற்றுமுன் சக்கரம் முற்றும் நிற்க வேண்டும் என்பதையும் அவசரக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பாரத்தின் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த இழுவை எடை, டிரெய்லருக்கும் அதிலுள்ள சரக்குக்கும் சேர்த்துத்தான். வண்டிக்கும் டிரெய்லருக்கும் கூட்டு எடை வரம்பு என ஒன்றும் உண்டு. வண்டிக்குள் அமர்ந்த ஐவரும், பின்தொட்டியில் போட்ட பத்து மூட்டையும் அந்தக் கூட்டில் அடங்கும். இப்போது முன்பாரம், பின்பாரத்தை நினைவுகூருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். மிகுந்தால் வண்டியின் முன்சக்கரம் இலேசாகித் திருப்பத்தில் கைவிடும். கட்டை வண்டியில் மாட்டின் கழுத்து சொன்னதை இங்கே கொக்கி சொல்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அளவு மீறி ஏற்றி ஓடுவதால் அரியலூர்ச் சாலைகளில் நேர்ந்த உயிரிழப்புகளை நாம் கண்டிருக்கிறோம். பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை வராமற்போன நாளில் வகுப்பறையில் நின்று பெயர்ப் பட்டியலைப் படித்தவன் நான். ஆகவே அளவு மீறிய பாரம் கியர்ப் பெட்டியோடு முடிகிற காரியம் அன்று என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை என்று சில வண்டிகளின் விற்பனையில் சொல்வார்கள். யாருடைய வாழ்நாள் என்று கேட்க வேண்டும். இழுவை வேலைக்கு எடுத்த வண்டியில், கையேட்டில் கடும் உழைப்புக்கெனக் குறித்த தொலைவில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவதே முறை. கையேடு குறிக்கும் வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும். எல்லாம் எண்ணெய்தானே என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் கிளச்சுத் தகடுகளின் பிடிப்பே மாறிவிடும். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவந்து தெளிவாக இருக்கும். பழுத்துக் கருத்து, தீய்ந்த நாற்றம் வீசினால் உள்ளே தகடு கரிந்திருக்கிறது என்பது பொருள். அளவு பார்க்கும் கோல் உள்ள வண்டியானால், கையேடு சொன்ன சூட்டில், சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்தக் கோலே இல்லை. குறித்த வெப்பநிலையில் பட்டறையில்தான் பார்க்க முடியும்.

கடைசியாக, வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் போவது நம் ஊர் வழக்கம். பழைய கியர் வண்டிக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்யாது. தானியங்கிப் பெட்டியின் நிலை வேறு. உள்ளே எண்ணெயைச் சுற்றவிடும் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றிருக்கையில் சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளுறுப்புகள் எண்ணெயின்றித் தேயும். ஆகவே எஞ்சினால் இயங்கும் சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு தூக்கியோ, முழு வண்டியையும் தட்டையான லாரியில் ஏற்றியோ கொண்டுசெல்ல வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியானால் ஏற்றிச் செல்வது ஒன்றே வழி. என் மாணவர் புதிதாகப் போட்ட கியர்ப் பெட்டியோடு இப்போது எண்ணெய்க் கூலரும் வைத்து, விடியற்காலை நான்கு மணிக்குச் சரக்கு ஏற்றுகிறார். டிரெய்லரில் மூட்டை அடுக்கும் ஆட்களிடம் முன்பாரம், பின்பாரம் என்று அவர் சத்தமிடுவதைச் சென்ற மாதம் செட்டிகுளத்தில் கேட்டேன்.